பதினேழாம் பக்கத்தின் வாசகர்கள்

அத்தியாயம் 9

தான் எழுதியதை யாராவது படிக்கிறார்களா என்ற சந்தேகம் எழுதுகிற எல்லோருக்கும் உண்டு. முத்துச்செல்விக்கு மட்டும் அந்தச் சந்தேகம் இந்தத் திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குத் தீரப்போகிறது.

ஆறு மாதங்களுக்கு முன் அவள் பசுமலையில் ஒரு கம்பெனியில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தது நினைவிருக்கும். வயலில் இருக்கும் பம்ப்செட் மோட்டாரைச் செல்போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி. பெட்டியை எப்படி மாட்டுவது, மோட்டார் ஓடாவிட்டால் என்ன பார்ப்பது என்றெல்லாம் கம்பெனியின் இணையதளத்தில் உதவிப் பக்கங்கள் எழுதுவது அவள் வேலை.

இருபத்திரண்டு பக்கங்கள் எழுதினாள். வெயிலில் நிற்கிறவர்களுக்குத் திரையில் எழுத்துத் தெரியாது என்பதால், ஒவ்வொன்றையும் தன் குரலிலேயே வாசித்துப் பதிவுசெய்து, 'கேட்க' என்று ஒரு பொத்தானும் வைத்தாள். இருபத்திரண்டும் அவளுக்கு மனப்பாடம். ஒரு கடலில் இருபத்திரண்டு கடிதங்களைப் பாட்டிலில் அடைத்து மிதக்கவிட்டவளைப் போல, எது எந்தக் கரையில் ஒதுங்கியிருக்கும் என்று பஸ்ஸில், குளியலறையில், தோசைக்கல் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருப்பாள். இதனால் தோசை பலமுறை கருகியிருக்கிறது.

போன திங்கட்கிழமை முதலாளி வெள்ளைத்துரை அவளைக் கூப்பிட்டார்.

"நல்லாத்தாம்மா எழுதிருக்க. ஆனா படிக்கிறது யாரு? எல்லாப் பயலும் ஆபீசுக்குப் போனைத்தான போடுறான்? உன் எடத்துல போன் எடுக்க ரெண்டு ஆளப் போட்டுரலாமான்னு பாக்குறேன்."

"படிக்கிறாக சார்."

"நீ பாத்தியா?"

அவள் பார்த்ததில்லை. அவரே ஒரு வழியும் சொன்னார். "வெப்சைட்டுக்கு ஒரு சிசிடிவி மாட்டச் சொல்லு. ஒரு வாரம் பாப்போம். ஆள் நடமாட்டம் இருந்தா உனக்கு வேலை நிரந்தரம். இல்லையா, அந்தக் கடையச் சாத்திருவோம்."

அந்த 'சிசிடிவி'யை மாட்டியவர் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கும் முகமது ஆசிப். எந்தப் பக்கத்தை எந்த ஸ்டார்ட்டர்காரர் திறக்கிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார், எந்த வரியில் நிறுத்துகிறார், நிறுத்திவிட்டு ஆபீசுக்குப் போன் செய்கிறாரா என்பதையெல்லாம் அது குறித்துவைத்துக்கொள்ளும்.

வேலை போகப்போகிற செய்தியை முத்துச்செல்வி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கணவன் அழகுராஜாவுக்குத் திருமங்கலத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. அலுத்துக் களைத்து வருகிறவனிடம் எதற்கு என்று விட்டுவிட்டாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மாமியார் அன்னக்கொடியிடம் மட்டும் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்னக்கொடி, "ம்ம்" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆய்ந்த கீரையை மட்டும் அவளிடமிருந்து பிடுங்கி மறுபடி ஒருமுறை ஆய்ந்தாள்.

இப்போது திங்கள் காலை ஒன்பது மணி. ஆசிப்பின் மேசையில் திரை திறந்திருந்தது.

"தங்கச்சி, முதல்ல உக்காரு," என்றார் ஆசிப்.

"இல்லண்ணே, நின்னுக்கிறேன்."

"உக்காருன்னு சொல்றேன்ல."

திரையில் இருபத்திரண்டு பக்கங்களுக்கும் இருபத்திரண்டு கோடுகள். இருபத்தோரு கோடுகள் அறுத்த நெல்தாள் போலத் தரையோடு தரையாகக் கிடந்தன. ஒன்று மட்டும் செல்போன் டவர் மாதிரி திரையின் உச்சியை முட்டிக்கொண்டு நின்றது.

"பதினேழாம் பக்கம்," என்றார் ஆசிப். "ஒரே வாரத்துல ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு தடவ கேட்டுருக்காங்க."

முத்துச்செல்வி உட்கார்ந்தாள்.

பதினேழாம் பக்கம், 'மின் பாதுகாப்பு எச்சரிக்கை.' இருபத்திரண்டில் அவளுக்குப் பிடிக்காத பக்கம் அது ஒன்றுதான். அவள் முதலில், 'தயவுசெய்து ஈரக் கையால் தொட வேண்டாம்' என்று பதவிசாகத்தான் எழுதியிருந்தாள். வெள்ளைத்துரைதான், "கரண்டு விசயத்துல கெஞ்சாத, அதட்டு" என்று திருத்தச் சொன்னார்.

அதற்குள் வெள்ளைத்துரையே வந்துவிட்டார். கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எச்சரிக்கையவா? நம்ம சனமா?"

"ஆமா சார்," என்றார் ஆசிப்.

"ஈரத் துண்டக் கட்டிக்கிட்டு ஃபியூஸ் போடுற சனம்யா இது! அதுக்கு உசுரு மேல இம்புட்டு அக்கறை வந்துருச்சா?" கண்ணாடியை மறுபடி கழற்றினார். "ஏம்மா, நீ எழுத்தாளர் இல்லம்மா. நீ ஒரு சமூக சேவை."

முத்துச்செல்வி நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள்.

"நாலு மணிக்கு டீலருகள வரச்சொல்றேன். ஒரு ஃபிளெக்ஸ் அடிச்சுருவோம். 'கேட்கிறது மதுரை! காக்கிறது உயிரை!' எப்படி இருக்கு? உன் வேலை ஆர்டரை அங்க வச்சு, எல்லாரு முன்னாடியும் கையில தாரேன். மத்த இருபத்தோரு பக்கத்தையும் தூக்கிரு. இதே மாதிரி இன்னும் இருபது அதட்டு எழுது."

அவர் போனார். மாடிப்படியிலேயே ஃபிளெக்ஸ் கடைக்காரரோடு அவர் போனில் கத்துவது கேட்டது.

"அண்ணே," என்றாள் முத்துச்செல்வி, "எனக்கு வேலை கெடச்சுருச்சா?"

"கெடச்சுருச்சு. ஆனா ஒரு விசயம் இடிக்குது." ஆசிப் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கத்த முழுசாக் கேட்டா ரெண்டு நிமிசம். இவங்க சராசரியா நாப்பத்தோரு நிமிசம் கேட்டுருக்காங்க. திருப்பித் திருப்பி. எங்க அத்தாவே எதையும் இம்புட்டு தடவ ஓதுனதில்ல."

"கஷ்டமான பக்கமோ?"

"'தொடாதே'ங்கிறதுல என்ன கஷ்டம்? நேரத்தப் பாரு. காலையில ஆறுலருந்து பத்து, சாயங்காலம் நாலுலருந்து ஆறு. ஆபீசு கணக்கா வாராங்க, போறாங்க. மொத்தம் முப்பத்தெட்டு ஸ்டார்ட்டர். முப்பத்தெட்டும் சமயநல்லூருக்கு மேக்கதான்."

முத்துச்செல்வியின் வீடு சமயநல்லூருக்கு மேற்கேதான்.

"முதல் ஆளு யாருன்னு பாத்தேன்," என்றார் ஆசிப். "செவ்வாக்கெழம காலையில ஆறு பத்து. ஸ்டார்ட்டர் நானூத்திப் பன்னெண்டு."

"அது எங்க ஸ்டார்ட்டருண்ணே!"

"தெரியும். ஒரு ஸ்டார்ட்டருக்கு மூணு போன் நம்பர் பதியலாம்ல? மூணாவது நம்பர்லருந்து வந்துருக்கு. உங்க வீட்டுல மூணாவது நம்பர் யாரு?"

முத்துச்செல்வி ஒவ்வொரு விரலாக மடக்கினாள். "எங்க அத்தை."

ஆசிப் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்தா பாரு. சாருக்கு இது தெரிஞ்சா என்ன நெனைப்பாரு? வேலையக் காப்பாத்த வீட்டாளுகள விட்டு அமுக்க வச்சுட்டான்னு சொல்லுவாரு. ஊரையே தெரட்டிட்டான்னு சொல்லுவாரு. நான் ஒண்ணும் பாக்கல. நம்பர் இருக்குற கட்டத்த மறைச்சுட்டு, நாலு மணிக்குக் கோட்ட மட்டும் காட்டுறேன். ஆர்டரை வாங்கிக்க."

"எங்க அத்தைக்கு நான் சொன்னது மனசுல தங்கிருச்சுண்ணே," என்றாள் முத்துச்செல்வி. அவள் கண்கள் கலங்கியிருந்தன. "எனக்காக ஊரு ஊரா, வீடு வீடாப் போயி..."

"அழுகாத. மறைச்சுரவா?"

"இருங்கண்ணே. வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

*

ஸ்கூட்டியில் பைபாஸ் வழியாகப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் முத்துச்செல்வி நன்றாக அழுதாள்.

அன்னக்கொடி கையில் போனை வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, விரல் நுனியால் 'கேட்க', 'கேட்க' என்று அமுக்கிக்கொண்டிருக்கும் காட்சி அவள் மனதில் ஓடியது. கல்யாணமாகி நான்கு வருடத்தில் அந்த அம்மாள் அவளைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேசாதவர்களுக்குள்தான் எவ்வளவு பெரிய மனது இருக்கிறது! வார்த்தையில் காட்டத் தெரியாத அன்பு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அமுக்கல்களாக வெளிப்பட்டிருக்கிறது. போனதும் காலில் விழுந்துவிடலாமா, அல்லது கையைப் பிடித்துக்கொண்டால் போதுமா என்று யோசித்தாள். கையைப் பிடித்துக்கொள்வதென்று முடிவுசெய்தபோது சமயநல்லூர் வந்துவிட்டது.

வீடு பூட்டியிருந்தது. மாமியார் கடலைக் காட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஸ்கூட்டியை வண்டிப்பாதையில் திருப்பினாள்.

வேலிமுள் தாண்டி நூறடி போயிருக்க மாட்டாள்.

"எச்சரிக்கை!" என்றது அவளுடைய குரல்.

முத்துச்செல்வி பிரேக் பிடித்தாள்.

"தொடாதே! ஈரக் கையோடு கிட்டே வராதே!"

இடதுபக்கக் கடலைக் காட்டிலிருந்து வந்தது. வலதுபக்கம் சோளக்காட்டிலிருந்து அதே குரல், அரை நிமிடம் பிந்தி, "தள்ளி நில்!" என்றது. தூரத்தில், கண்மாய்ப் பக்கம் எங்கேயோ, இன்னொரு முத்துச்செல்வி, "உயிர் போனால் திரும்ப வராது!" என்று எச்சரித்தாள். அதற்கும் பின்னால் ஒருத்தி. ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து முத்துச்செல்விகள் அந்தச் சமவெளி முழுக்க நின்றுகொண்டு ஒருத்தியை ஒருத்தி அதட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிஜமான முத்துச்செல்வி ஒரு காலைத் தரையில் ஊன்றி, வாயைத் திறந்தபடி நின்றாள்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, அவர்கள் குடும்பத்துக் காட்டில் ஒரு கம்பு நட்டிருந்தது. கம்பில் விரித்த குடை. குடையின் கீழ் அன்னக்கொடியின் செல்போன், கயிறு போட்டுக் கட்டி, ஒரு சின்ன ஸ்பீக்கரோடு. நாலடி தள்ளி வேப்பமர நிழலில் அன்னக்கொடி உட்கார்ந்து பக்கத்துக் காட்டு ராமக்காளோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா, ஆபீசு லீவா?" என்றாள் அன்னக்கொடி.

"அத்தை, இது என்ன?"

"எது?"

"இது!" முத்துச்செல்வி குடையைக் காட்டினாள். குடை, "தள்ளி நில்!" என்றது.

"மயிலுக்கு," என்றாள் அன்னக்கொடி.

முத்துச்செல்விக்கு விளங்கவில்லை.

"கடலை மொளைக்க விடுதா அந்தக் கழுதைக? வெதைச்ச மறுநா வந்து வரிசையா நோண்டி எடுத்துருது. முருகன் வாகனம், கல்லு விட்டு எறியவும் முடியல, பாரஸ்டுகாரன் புடிச்சா அதுவேற கேசு. தகரத்தத் தட்டிப் பாத்தோம். நாய் கொலைக்கிறத ரெக்கார்டு பண்ணிப் போட்டோம். சினிமாப் பாட்டுப் போட்டா தோகைய விரிக்குது."

"ஆமாத்தா," என்றாள் ராமக்காள். "எங்காட்டுல வந்து ஆடிட்டுப் போச்சு."

"போன வாரம் நீ சொன்னேல்ல, யாருமே படிக்கலன்னு? அப்படி என்னதான் எழுதிருக்கன்னு மறுநா காலையில இங்க உக்காந்து போட்டேன். ஒவ்வொண்ணாக் கேட்டேன். பதினாறு பக்கம் வரைக்கும் மயிலு அதுபாட்டுக்கு மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. பதினேழு வந்துச்சு பாரு, 'எச்சரிக்கை'ன்னு ஒரு சத்தம் போட்டியே, அம்புட்டும் கண்மாய்க் கரைக்குப் பறந்துருச்சு!"

"நாங்கூட அசந்துட்டேன்," என்றாள் ராமக்காள். "என்ன குரலு! நாலு ஊருக்கும் சொல்லிட்டோம்ல."

"எம் மருமக அதட்டுனா மனுசனே நிக்க மாட்டான். மயிலு நிக்குமா?" என்று அன்னக்கொடி வெற்றிலையைத் துப்பினாள். அவள் முகத்தில், நான்கு வருடத்தில் முதன்முறையாக, மருமகளைப் பற்றிய பெருமை அப்பட்டமாகத் தெரிந்தது.

முத்துச்செல்வி பிடித்துக்கொள்வதற்காகப் பாதி நீட்டியிருந்த கைகளை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"அப்ப... எனக்காக அமுக்கலையா?"

"உனக்காகவா? எதுக்கு?"

"ஒண்ணுமில்ல." போனைக் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல அத்தை?"

"எங்க சொல்ல? ஆபீசு விட்டு வந்தா நீ சொவத்தையில்ல பாத்துக்கிட்டு இருக்க? நாலு வருசத்துல நீ எங்கிட்ட இருபத்திரெண்டு பக்கம் பேசுனது இந்தப் போன்லதான்."

ராமக்காள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்குக் காட்டில் வேலை இருப்பதை நினைவுபடுத்திக்கொண்டு எழுந்துபோனாள்.

*

மூன்று மணிக்கு முத்துச்செல்வி திரும்பி வந்தபோது கம்பெனி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. அதில் வெள்ளைத்துரை பெரிதாகவும், மின்னல் ஒன்று நடுத்தரமாகவும், முத்துச்செல்வி பாஸ்போர்ட் அளவிலும் இருந்தார்கள். திருமங்கலம் டீலர்கள் முன்கூட்டியே வந்து கீழே பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஆச்சு?" என்றார் ஆசிப்.

"மயிலுண்ணே."

"யாரு மயிலு?"

"மயிலுதாண்ணே. பறவை."

அவள் சொல்லி முடித்ததும் ஆசிப் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பது அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்தபோது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"சரி. இது நமக்குள்ளயே இருக்கட்டும். இன்னும் ஒரு மணி நேரம்தான். ஆர்டரை வாங்கிக்க. மயிலு வந்து சாட்சி சொல்லப்போகுதா?"

முத்துச்செல்வி திரையைப் பார்த்தாள். தரையோடு கிடந்த இருபத்தோரு கோடுகளையும் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்தால் வேலை இருக்கும். ஆனால் அந்த இருபத்தோரு பக்கங்களும் நாளைக்கு இருக்காது. அவள் காலமெல்லாம் உட்கார்ந்து மயில்களுக்காக எழுதிக்கொண்டிருப்பாள். அவற்றில் ஒன்றுகூட அவளிடம் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை.

"சொல்லிட்டு வாரேண்ணே," என்று எழுந்தாள்.

வெள்ளைத்துரை அறையில் புதுச்சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிப் பொத்தானைப் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மயிலா?" என்றார்.

"ஆமா சார்."

"முப்பத்தெட்டு ஸ்டார்ட்டருக்கும்?"

"முப்பத்தெட்டுக்கும்."

"ஒரு மனுசன் கூடவா கேக்கல?"

"பக்கத்துல உக்காந்திருந்தாக சார். வெத்தல போட்டுக்கிட்டு."

அவர் ஜன்னல் வழியாகக் கீழே ஃபிளெக்ஸைப் பார்த்தார். 'கேட்கிறது மதுரை' காற்றில் படபடத்தது.

"கீழ பன்னெண்டு டீலரு பஜ்ஜி தின்னுக்கிட்டிருக்கான். அவங்கிட்டப் போயி மயிலுன்னு சொல்லவா நானு?" அவர் குரல் உயர்ந்தது. "ஆசிப்பு! அந்த மயிலு கணக்கையெல்லாம் எடுத்துட்டு மிச்சம் என்ன இருக்குன்னு காட்டு. ஒண்ணுமில்லன்னா அந்தம்மாவுக்கு இன்னைக்கோட கணக்க முடி."

ஆசிப் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, பதினேழாம் பக்கத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்த எல்லா நம்பர்களையும் நீக்கினார். டவர் சரிந்தது. அது சரிந்ததும், அதுவரை தரையில் கிடந்த மற்றக் கோடுகள் தாமாக எழுந்து நின்றன. உயரம் என்று சொல்ல முடியாது. ஆனால் நின்றன. ஒன்பதாம் பக்கம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

"ஒம்பது என்ன?" என்றார் வெள்ளைத்துரை.

"மோட்டார் ஓடாம உறுமுனா என்ன செய்யணும்னு சார்."

"எத்தன பேரு?"

"முப்பத்தோரு பேரு," என்றார் ஆசிப். "அதுல இருபத்தி நாலு பேரு முழுசாக் கேட்டுட்டு ஆபீசுக்குப் போனே பண்ணல."

வெள்ளைத்துரை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கம்பெனி தொடங்குவதற்கு முன் இருபது வருடம் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர் அவர். மூன்று பேஸ் கரண்ட்டில் ஒன்று வராமல் உறுமுகிற மோட்டாரைப் பத்து நிமிடம் அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு யாரும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கருகிய வாடை அவர் சட்டையிலிருந்து போகவே பல வருடம் ஆகியிருந்தது.

"அப்ப இருபத்திநாலு மோட்டார் பொழச்சிருக்கு," என்றார் மெதுவாக.

"பொழச்சிருக்கலாம் சார். போன் பண்ணலைங்கிறது மட்டும்தான் நமக்குத் தெரியும்."

அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "மிச்ச ஏழு பேரு?"

ஆசிப் இன்னொரு கட்டத்தைத் திறந்தார். "அந்த ஏழு பேருமே ஒரே எடத்துல நிறுத்திருக்காங்க சார். ஆறாவது வரி. அங்க நிறுத்திட்டு உடனே போன் பண்ணிருக்காங்க."

"ஆறாவது வரியில என்னம்மா இருக்கு?"

முத்துச்செல்வி பார்க்காமலே சொன்னாள். "'மூடியைத் திறந்து உள்ளே மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும்.'"

"உள்ளயா? மஞ்சள் லைட்டு இப்ப வெளிய, அடிப்பக்கம்ல இருக்கு! மூணு மாசமாப் புதுப் பெட்டிதான போகுது?"

"புதுப் பெட்டியா?" என்றாள் முத்துச்செல்வி.

"ஆமா."

"எனக்கு யாரு காட்டுனா?"

"கீழ குடோன்ல அடுக்கி வச்சிருக்கே..."

"ஆறு மாசமா எம் மேசையில இருக்குறது பழைய பெட்டி சார்! அதப் பாத்துத்தான எழுத முடியும்? மாத்துனா மாத்திட்டோம்னு சொல்ல மாட்டீகளா? இல்லாத லைட்ட ஏழு பேரு வெயில்ல நின்னு தேடிருக்காக, மோட்டாரு உறுமிக்கிட்டு இருக்கு, நீங்க கீழ ஃபிளெக்ஸ் கட்டுறீக!"

வெள்ளைத்துரை நாற்காலியோடு ஓரடி பின்னால் நகர்ந்தார். மயில்களின் மேல் தப்பில்லை என்று ஆசிப்புக்குத் தோன்றியது.

பிறகு வெள்ளைத்துரை இன்டர்காமை எடுத்தார்.

"குடோனா? புதுப் பெட்டி ஒண்ணு மேல அனுப்பு. இப்பவே." வைத்துவிட்டு முத்துச்செல்வியிடம் திரும்பினார். "நாளைக்குள்ள அந்த வரிய மாத்திரு. ஆசிப்பு, அதுக்கப்புறம் அந்த ஏழு ஆறாகுதா அஞ்சாகுதான்னு வாராவாரம் எனக்குக் காட்டணும். மத்த பக்கத்துலயும் எங்க எங்க நிக்கிறாய்ங்கன்னு பாருங்க."

"நாளைக்கா சார்?" என்றாள் முத்துச்செல்வி. "எனக்கு இன்னைக்கோட முடியுதே."

"பின்ன, மயிலா வந்து மாத்தும்?" என்று வெள்ளைத்துரை கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மேசையிலிருந்த ஆர்டரில் கையெழுத்திட்டார்.

டீலர்களிடம் அவர் என்ன சொன்னார் என்பது மாடியில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கீழே எழுந்த சிரிப்பு மட்டும் கேட்டது.

*

ஐந்தரை மணிக்கு முத்துச்செல்வி நேராகக் காட்டுக்கே வந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. கடலைக் காட்டில் ஏழு மயில்கள் நிதானமாக நோண்டிக்கொண்டிருந்தன. குடை, "எச்சரிக்கை! தொடாதே!" என்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு மயில் குடைக் கம்பிலேயே அலகைத் தீட்டியது.

"பழகிருச்சு," என்றாள் அன்னக்கொடி எரிச்சலோடு. "நாலு மணியிலருந்து அசைய மாட்டேங்குதுக. நம்ம வீட்டு ஆளுன்னு நெனச்சிருச்சு போல."

"அத்தை, எனக்கு வேலை நிரந்தரமாயிருச்சு!"

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு!"

"நல்லது. வேற ஒண்ணு பேசிக் குடு."

அன்னக்கொடி போனைக் கம்பிலிருந்து அவிழ்த்து நீட்டினாள். முத்துச்செல்வி பதிவுப் பொத்தானை அமுக்கி, தொண்டையைச் செருமி, "எச்சரிக்கை, கிட்டே வராதே," என்றாள். மனதுக்குள் இருந்த சந்தோஷமெல்லாம் அந்தக் குரலில் வழிந்தது. கல்யாண வீட்டு வாசலில் நின்று, வாங்க வாங்க என்று கூப்பிடுவது போலிருந்தது. இரண்டு மயில்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தன.

"இது என்ன கொஞ்சலு? கோவமாப் பேசு."

"கோவம் வரமாட்டேங்குதே அத்தை," என்று சிரித்தாள் முத்துச்செல்வி. "இன்னைக்கு யாரு மேலயும் எனக்குக் கோவமில்ல."

அன்னக்கொடி மருமகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மண்ணைப் பார்த்தாள்.

"உன் வேலை ஊசலாடுறப்ப எதுக்குன்னு ஒரு வாரமா வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். இப்பச் சொல்லலாம்."

"என்னத்தை?"

"முந்துன வாரம் சந்தையில அழகுராஜா வேலை பாக்குற கடை மொதலாளியப் பாத்தேன். 'தம்பிக்கு ஒடம்பு எப்படி இருக்கு'ன்னு கேட்டாரு. மூணு வாரமா அவன் கடைக்கே போகலையாம்."

முத்துச்செல்வியின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. "தெனம் காலையில எட்டு மணிக்குக் கெளம்புறாரே. பொழுது சாஞ்சுதான வாராரு."

"ஆமா."

"அப்ப எங்க போறாரு?"

"அது எனக்கும் தெரியல. நேத்துக் கேட்டேன். ஒம் மருமககிட்ட மட்டும் சொல்லிறாதன்னு சொன்னான்."

"என்னது?"

ஏழு மயில்களும் ஒரே நேரத்தில் எழும்பி, சடசடவென்று இறக்கை அடித்து, கண்மாய்க் கரைக்கும் அப்பால் போய் மறைந்தன.

அன்னக்கொடி அவள் கையிலிருந்த போனை வாங்கி, பதிவை நிறுத்தினாள்.

"இது போதும்," என்றாள்.